மலைப் பயணத்தில் குடிநீர்

இமயமலைச் சாரலில் முதுகுப்பையைச் சுமந்துகொண்டு நடந்து செல்வோர் இன்று இரு வகையினர். கேதார்நாத், அமர்நாத் முதலிய தலங்களை நாடிச் செல்லும் யாத்திரிகர்கள் ஒரு வகையினர். கணவாய்களையும் பனியாறுகளையும் காணும் ஆர்வத்தால் செல்லும் இளைஞர்கள் மற்றொரு வகையினர். நோக்கம் எதுவாயினும் இவ்விரு வகையினருக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. அதுவே குடிநீர்.

உயர்ந்த மலைப்பகுதியில் நடப்பவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு லிட்டர் நீர் வேண்டும். அங்குள்ள காற்று குளிர்ந்தும் வறண்டும் இருத்தலால், ஒவ்வொரு மூச்சிலும் உடலினின்று நீர் வெளியேறுகிறது. ஏறுமுகமான பாதையில் வியர்வையும் மிகுதி. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஐந்து நாள் பயணத்திற்கு வேண்டிய நீரை எடுத்துச் செல்வதாயின் பதினைந்து முதல் இருபது கிலோகிராம் வரை சுமக்க நேரிடும். இஃது இயலாத காரியம். ஆதலால் வழியில் கிடைக்கும் ஓடை நீரையும் ஊற்று நீரையும் பனி உருகிய நீரையுமே பருகியாக வேண்டும்.

அந்நீர் நோய் தருவதாயின் விளைவு எளிதன்று. நகரத்தில் வயிற்றுப்போக்கு ஓரிரு நாள் துன்பத்துடன் நீங்கிவிடக்கூடும். மருத்துவரை அடைய இரண்டு நாள் நடக்க வேண்டிய இடத்தில், குளிரில், நீரிழந்து தளர்ந்த உடல் உயிருக்கே அபாயமான நிலையை எய்தக்கூடும். இவ்வபாயத்தைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. ஆயினும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு குறை உண்டு. அக்குறை யாது என்பதை அறிந்து கையாளுவதே பாதுகாப்பு ஆகும்.

தெளிவு வேறு, தூய்மை வேறு

மலையோடை நீர் கண்ணாடிபோல் தெளிந்து, குளிர்ந்து, சுவையாக இருக்கும். பாறைகளின்மீது பாய்ந்து வருவதால் அது தானே தூய்மையடைந்துவிடுகிறது என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஓடும் நீரில் காற்று கலக்கிறது, கசடு சில இடங்களில் படிகிறது, அவ்வளவே. ஒரு லிட்டர் நீரில் சில ஆயிரம் நோய்க்கிருமிகள் இருப்பினும் அதன் தெளிவு சிறிதும் குறையாது. கண்ணுக்குப் புலப்படாத பொருளைக் கண்ணால் சோதிக்க இயலாதன்றோ?

நீரின் தன்மையை அறிய அதன் நிறத்தை நோக்குவதினும், மேலே யார் இருக்கின்றனர் என்று நோக்குவதே சிறந்தது. இமயமலையில் மரங்கள் வளரும் எல்லைக்கு மேல் 'புக்யால்' எனப்படும் பரந்த புல்வெளிகள் உள்ளன. கோடையில் ஆட்டு மந்தைகள் அங்கு ஓட்டிச் செல்லப்படுகின்றன. யாத்திரைப் பாதைகளிலோ கோவேறு கழுதைகளும் குதிரைகளும் சுமை தூக்குகின்றன. இவற்றின் சாணமும், பாதையோரத்தில் மனிதர் கழிக்கும் மலமும் ஒரு மழையிலேயே ஓடையை அடைந்துவிடும். முகாமிட்ட இடத்திற்கு மேலே மற்றொரு முகாம் இருப்பின், அங்குள்ளோர் கழித்தது கீழுள்ளோரின் குடிநீரில் கலக்கும்.

மூன்று வகைப் பகைவர்

நீரின் வாயிலாகப் பரவும் கிருமிகளை அளவைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம். இப்பிரிவு நினைவில் இருப்பின், பின்னர்க் கூறப்படும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும். அளவுகோல் மைக்ரான், அதாவது, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதல் வகை, ஓரணு உயிர்களான புரோட்டோசோவாக்கள். சீதபேதியை உண்டாக்கும் அமீபா, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகியவை இவ்வகையின. ஜியார்டியாவை 1681-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தாமே செய்த உருப்பெருக்கியின் வழியாக முதன்முதலில் கண்டார். இவை நீரில் தடித்த ஓட்டினுள் ஒடுங்கிய நிலையில் நெடுநாள் உயிருடன் இருக்கும். ஜியார்டியாவின் கூடு 8 முதல் 12 மைக்ரான் வரை நீளமுடையது. கிரிப்டோஸ்போரிடியத்தின் கூடு 4 முதல் 6 மைக்ரான் வரை விட்டமுடையது. இவை மனிதரிடமிருந்து மட்டுமன்றிக் கால்நடைகளிடமிருந்தும் வரக்கூடியவை.

இரண்டாம் வகை, பாக்டீரியாக்கள். காலரா, டைபாய்டு, ஒருவகைச் சீதபேதி ஆகியவற்றிற்கு இவை காரணம். இவற்றின் பருமன் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் சில மைக்ரான்களுக்கும் இடைப்பட்டது.

மூன்றாம் வகை, வைரஸ்கள். மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஏ வகை, ஈ வகை வைரஸ்களின் விட்டம் ஏறக்குறைய 0.03 மைக்ரான். ஜியார்டியாவின் கூட்டோடு ஒப்பிடின் ஏறக்குறைய முந்நூற்றில் ஒரு பங்கு எனலாம். நீரில் பரவும் வைரஸ்களுள் முக்கியமானவை மனித மலத்திலிருந்தே வருகின்றன. ஆகவே, மனித நடமாட்டம் மிகுந்த பாதையில் வைரஸ் அபாயமும் மிகும். மேலைநாடுகளின் மனிதர் அரிதாகச் செல்லும் காடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட குறிப்புகள் பலவற்றில் வைரஸ்களுக்கு முக்கியத்துவம் அளிக்கப்படுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் நடக்கும் நம் நாட்டு யாத்திரைப் பாதைகளுக்கு அக்குறிப்புகளை அப்படியே கொள்ளுதல் தவறாகும்.

கொதிக்க வைத்தல்

மூன்று வகைக் கிருமிகளையும் ஒருங்கே அழிக்க வல்ல முறைகளுள் மிகவும் நம்பத்தக்கது கொதிக்க வைத்தலே. ஆனால் மலையேறுவோரிடையே இது குறித்து ஓர் ஐயம் உண்டு. உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் நீர் குறைந்த உஷ்ணநிலையிலேயே கொதிக்கத் தொடங்குகிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை தாழ்கிறது. கீழ்க்காணும் அளவுகள் இதனை விளக்கும்.

கடல் மட்டம் — 100 டிகிரி சென்டிகிரேடு
ஸ்ரீநகர் (சுமார் 1,585 மீட்டர்) — 95 டிகிரி
உதகமண்டலம் (சுமார் 2,240 மீட்டர்) — 93 டிகிரி
லே (சுமார் 3,500 மீட்டர்) — 88 டிகிரி
கேதார்நாத் (சுமார் 3,580 மீட்டர்) — 88 டிகிரி
5,000 மீட்டர் உயரமுள்ள கணவாய் — 83 டிகிரி

லேயில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. 5,000 மீட்டர் உயரத்தில் அரிசியும் சரிவர வேகாது. அங்ஙனமாயின் கிருமிகள் மட்டும் எங்ஙனம் மடியும் என்று ஐயுறுவது இயல்பே. ஆயினும் பருப்பு வேகத் தேவையான உஷ்ணமும் கிருமி மடியத் தேவையான உஷ்ணமும் ஒன்றல்ல. பால் பண்ணைகளில் பாலை 63 டிகிரியில் அரைமணி நேரமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்து நோய்க்கிருமிகளை அழிப்பதை நாம் அறிவோம். கிரிப்டோஸ்போரிடியத்தின் கூடும் 72 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட நீரில் ஒரு நிமிடத்திற்குள் வலுவிழக்கிறது. வெப்பத்தை ஓரளவு தாங்கவல்ல ஏ வகை மஞ்சட்காமாலை வைரஸும் 85 டிகிரியில் ஒரு நிமிடத்தில் செயலிழக்கிறது. இவற்றோடு மற்றொன்றையும் கருத வேண்டும். நீர் 65 டிகிரியிலிருந்து கொதிநிலையை எய்தச் சில நிமிடங்கள் செல்கின்றன. அச்சில நிமிடங்களிலும் கிருமிகள் மடிந்துகொண்டேயிருக்கின்றன.

ஆகவே விதி எளியது. தாழ்நிலத்தில் நீர் புரண்டு கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். சுமார் 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விடுதல் வேண்டும். பாத்திரத்தின் அடியில் தோன்றும் சிறு குமிழிகளைக் கண்டு நீர் கொதித்துவிட்டதாகக் கருதலாகாது. அவை நீரில் கரைந்திருந்த காற்று வெளிப்படுவதன் அறிகுறியேயாகும். நீர் முழுவதும் அடியிலிருந்து மேலாகப் புரள வேண்டும். குழுவில் பிரஷர் குக்கர் இருப்பின் மிக நன்று. கேதார்நாத்தின் உயரத்திலும் அதனுள் உஷ்ணநிலை ஏறக்குறைய 115 டிகிரியை எட்டும்.

கொதிக்க வைத்தலின் குறை எரிபொருள் செலவு. ஐந்து டிகிரி உஷ்ணநிலையிலுள்ள ஒரு லிட்டர் ஓடை நீரைக் கேதார்நாத்தில் கொதிநிலைக்குக் கொணர 83 கிலோகலோரி உஷ்ணம் வேண்டும். அதே அளவு நீரைப் பனிக்கட்டியிலிருந்து பெற வேண்டுமாயின், உருகுவதற்கு மட்டும் 80 கிலோகலோரி, அதன்பின் கொதிப்பதற்கு 88 கிலோகலோரி, ஆக 168 கிலோகலோரி தேவைப்படும். அதாவது ஏறக்குறைய இருமடங்கு எரிபொருள். ஓடும் நீர் அருகில் இருக்கையில் பனியை உருக்குவது வீண். மேலும், எரிபொருளின் பொருட்டு மரங்களை வெட்டுதல் மலைச்சரிவுகளுக்குக் கேடு விளைவிப்பதாகும். மர எல்லைக்கு மேலே விறகும் கிடைப்பதில்லை. சுமந்து செல்லும் எரிவாயுவோ மண்ணெண்ணெயோ உணவு சமைப்பதற்கே போதாதபோது வேறு முறையை நாடவேண்டியுள்ளது.

வடிகட்டுதல்

1884-ஆம் ஆண்டில் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சேம்பர்லேண்ட் என்பவர் மெருகிடாத பீங்கானாலான வடிகட்டி ஒன்றை அமைத்தார். பாக்டீரியாக்கள் அதன் நுண்துளைகளில் தங்கிவிட்டன. 1892-இல் ருஷ்ய நாட்டு விஞ்ஞானி இவனோவ்ஸ்கி, புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு நோயை ஆராய்கையில் நோயுற்ற இலைச் சாற்றை அத்தகைய வடிகட்டியினூடே செலுத்தினார். வெளிவந்த சாறு தெளிவாக இருந்தும் நோயைப் பரப்பிற்று. 1898-இல் ஹாலந்து நாட்டு பெய்ஜரிங்க் இதனை மீண்டும் ஆராய்ந்து, பாக்டீரியாவினும் வேறான ஒரு நோய்க்காரணி உண்டென்று முடிவு செய்தார். வைரஸ் என்னும் இனம் உலகிற்கு அறிமுகமானது இவ்வாறே. வடிகட்டியினின்று தப்பிச் செல்லுதலே அதன் முதல் அடையாளமாக இருந்தது. இவ்வரலாற்றை நினைவிற்கொண்டவர், வடிகட்டி ஒன்றையே நம்பும் தவற்றைச் செய்யமாட்டார்.

இன்று நடைப்பயணத்திற்கென விற்கப்படும் வடிகட்டிகளில் பெரும்பாலானவை நுண்குழல்களாலானவை. மெல்லிய குழல்கள் பல ஒரு கட்டாக அமைந்து, அவற்றின் சுவர்களில் 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவுள்ள துளைகள் இருக்கும். புரோட்டோசோவாக்களும் பாக்டீரியாக்களும் இவற்றில் தடைப்படும். வைரஸ்களோ தப்பிச் செல்லும். இவை எடை குறைந்தவை. சில நிமிடங்களில் நீரைத் தருபவை. எரிபொருளும் காத்திருத்தலும் வேண்டாதவை. வைரஸ்களையும் தடுப்பதற்கென அமைந்த வடிகட்டிகளும் உள்ளன. அவை எடையும் விலையும் மிகுந்தவை. கருவியுடன் வரும் குறிப்பில் வைரஸ் பற்றி வெளிப்படையாகக் கூறப்படாதிருப்பின், அது வைரஸைத் தடுக்காது என்றே கொள்ளவேண்டும்.

இமயமலையில் வடிகட்டிக்கு இரு இடையூறுகள் நேர்கின்றன. முதலாவது, பனியாற்று நீரிலுள்ள கல்மாவு. பனியாறு பாறைகளை அரைத்தவாறு நகர்வதால் மாவுபோன்ற நுண்துகள்கள் நீரில் கலந்து அதனைப் பால்போல் வெளுக்கச் செய்கின்றன. இத்துகள்கள் துளைகளை விரைவில் அடைத்துவிடும். இரண்டாவது, உறைபனி. ஒருமுறை நனைந்த நுண்குழல்களினுள் தங்கிய நீர் இரவில் உறைந்து விரிவடையும்போது குழற்சுவர்களில் பிளவு உண்டாகும். பிளந்த வடிகட்டி பார்வைக்குப் பழுதற்றதாகவே தோன்றும்; நீரும் முன்போலவே சொட்டும்; கிருமிகளும் உடன் செல்லும். ஆகவே இரவில் வடிகட்டியை உதறி வடித்து, உறையிலிட்டு, உறங்கும் பையினுள் உடலோடு அணைத்து வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. உறைந்துவிட்டதென்று ஐயம் நேர்ந்தால் அதனை நம்பலாகாது.

கரித்தூள் நிரப்பிய குழாய்கள் வாடையையும் சுவைக்கேட்டையும் நீக்குமேயன்றிக் கிருமிகளை நீக்கமாட்டா. குளோரினையும் கரி உறிஞ்சிவிடும். ஆகையால் கரியைப் பயன்படுத்த விரும்புவோர், குளோரின் தன் வேலையை முடித்த பின்னரே அதனினூடே நீரைச் செலுத்த வேண்டும்.

கலங்கலை நீக்குதல்

எம்முறையைக் கையாள்வதாயினும் முதலில் நீரைத் தெளிவித்தல் நலம். கலங்கிய நீரை அகன்ற பாத்திரத்தில் அசையாது வைத்தால் பெருந்துகள்கள் படிந்துவிடும். கல்மாவு எளிதில் படிவதில்லை. அதன் துகள்கள் ஒரேவகை மின்னேற்றம் உடையனவாதலால் ஒன்றையொன்று விலக்கியவாறு மிதக்கின்றன. நான்கு லிட்டர் நீருக்கு அரைக்கால் தேக்கரண்டி அளவு படிகாரப் பொடியைக் கலந்து மெதுவாகக் கிளறினால், அம்மின்னேற்றம் தணிந்து துகள்கள் திரண்டு அடியில் இறங்கும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளிவித்த நம் முன்னோர் கண்ட பயனும் இவ்வகையினதே. மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும்.

துணியில் வடிகட்டுதலையும் இகழ்தல் கூடாது. வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டச் செய்ததில் காலரா நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்பதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. காலராக் கிருமிகள் நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிரினங்களின்மீது ஒட்டிக்கொண்டு வாழ்வதும், அவ்வுயிரினங்கள் துணியில் தங்கிவிடுவதுமே இதற்குக் காரணம். ஆயினும் தனித்து மிதக்கும் கிருமிகளைத் துணி தடுக்காது. இது முதற்படியேயன்றி முடிவான முறை அன்று.

மருந்திடுதல்

குளோரின் மாத்திரைகள் எடையற்றவை, மலிவானவை, எளியவை. நீரில் கரைந்தவுடன் தோன்றும் ஹைப்போகுளோரஸ் அமிலமே கிருமிகளைக் கொல்கிறது. பாக்டீரியாக்களை இது விரைவில் அழிக்கும். வைரஸ்களையும் தகுந்த அளவும் நேரமும் வாய்ப்பின் அழிக்கும். 'தகுந்த அளவும் நேரமும்' என்னும் நிபந்தனையைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு டெல்லி மாநகரின் அனுபவமே சான்று.

1955-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வெள்ளத்திற்குப் பின் யமுனையின் போக்கு மாறியதால், நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை நீர் வஜீராபாத் நீரேற்று நிலையத்தை அடைந்தது. நிலையத்தார் குளோரினை மிகுதியாகக் கலந்தனர். டைபாய்டும் சீதபேதியும் நகரில் பெருகவில்லை. ஆனால் டிசம்பரில் மஞ்சட்காமாலை பரவத் தொடங்கிற்று. 1956 ஜனவரி வரையில் சுமார் 29,000 பேர் வெளிப்படையான காமாலையால் பாதிக்கப்பட்டனர். கருவுற்ற பெண்களிடையே நோய் மிகக் கடுமையாக இருந்தது. பாக்டீரியாக்களைக் கொன்ற குளோரின், கழிவு நிறைந்த நீரில் வைரஸை முற்றிலும் அழிக்க இயலாமற் போயிற்று. அவ்வைரஸ் யாதென்று அப்போது ஒருவரும் அறியார். 1978-இல் காஷ்மீரப் பள்ளத்தாக்கில் இத்தகைய கொள்ளைநோய் மீண்டும் தோன்றியபின் நடந்த ஆராய்ச்சிகளும், 1983-இல் சோவியத் விஞ்ஞானி பலாயன் நடத்திய பரிசோதனையுமே அதனை வெளிப்படுத்தின. இன்று அது ஈ வகைக் காமாலை வைரஸ் என அறியப்படுகிறது.

இதனினின்று நாம் பெறும் பாடங்கள் மூன்று. முதலாவது, நீரில் மண்ணும் அழுக்கும் இருந்தால் குளோரின் அவற்றோடு கலந்து செலவழிந்துவிடும். ஆதலின் தெளிவித்த நீரிலேயே மாத்திரையை இடவேண்டும். இரண்டாவது, மாத்திரை கரைந்ததும் பருகுதல் கூடாது. குறைந்தது அரைமணி நேரம் கழிய வேண்டும். மூன்றாவது, குளிர்ந்த நீரில் ரசாயனச் செயல் மந்தமடைகிறது. உஷ்ணநிலை பத்து டிகிரி குறைந்தால் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய இருமடங்காக வேண்டும். பனி உருகிவந்த ஓடை நீருக்கு அரைமணி நேரம் போதாது. குப்பியை வெயிலில் வைத்தோ, உடையினுள் வைத்தோ சற்றே குளிர் நீக்குதலும் ஒரு மணி நேரத்திற்கு மேல் காத்திருத்தலும் நன்று. நேரம் கடந்தபின் நீரில் குளோரின் வாடை மெலிதாக இருக்க வேண்டும். வாடையே இல்லையாயின் மருந்து முற்றும் செலவாகிவிட்டது என்பது பொருள். மற்றொரு மாத்திரை இட்டு மீண்டும் காத்திருக்க வேண்டும்.

குளோரினுக்கும் ஒரு பெருங்குறை உண்டு. கிரிப்டோஸ்போரிடியத்தின் தடித்த கூட்டை அது ஊடுருவுவதில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குளோரின் இடப்பட்ட குழாய் நீரின் வாயிலாகவே இக்கிருமி பரவிச் சுமார் 4,00,000 பேரை நோயுறச் செய்தது. அங்கு வடிகட்டும் அமைப்பு தன் பணியைச் சரிவரச் செய்யாததே அதற்குக் காரணமாயிற்று. குளோரின் டையாக்சைடு மாத்திரைகள் இக்கிருமியையும் வெல்லக்கூடியவை. எனினும் அதற்கு நான்கு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

அயோடின் மலையேறுவோரிடையே நெடுங்காலம் வழங்கிவந்த மருந்து. இரண்டு சதவீத டிங்க்சர் அயோடினில் ஐந்து துளி தெளிந்த நீர் ஒரு லிட்டருக்கு இடுவது வழக்கம். இதுவும் கிரிப்டோஸ்போரிடியத்தை அழிப்பதில்லை. கருவுற்ற பெண்களும் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் நோயுள்ளவர்களும் இதனை நீக்க வேண்டும். மற்றவர்களும் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து பருகலாகாது.

பொட்டாசியம் பர்மாங்கனேட்டு நம் நாட்டில் பழக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாங்கின் என்னும் ஆய்வாளர் காலரா பரவிய ஊர்களின் கிணறுகளில் இதனை இடும் முறையைப் பரப்பினார். ஆயினும் குடிநீரைப் பாதுகாக்க இதனை இன்று நம்புவதற்கில்லை. நீரின் செந்நிறம் மனத்திற்கு ஆறுதல் தருமேயன்றிக் கிருமிகள் மடிந்தமைக்குச் சான்றாகாது.

புறஊதா ஒளி

கையடக்கமான புறஊதா விளக்குகளும் இன்று கிடைக்கின்றன. இவ்வொளி கிருமிகளின் மரபணுப் பொருளைச் சிதைத்து அவை பெருகாவண்ணம் செய்கிறது. மூன்று வகைக் கிருமிகளும் இதற்கு ஆட்படும். ஆனால் கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாது. குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறையும். கருவி பழுதுபட்டால் மாற்று வழி இல்லை. ஆகவே மாத்திரைகளும் உடன் இருத்தல் வேண்டும்.

எம்முறையைத் தேர்வது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். கொதித்தல் மூன்று வகைக் கிருமிகளையும் கொல்லும், எரிபொருள் வேண்டும். நுண்குழல் வடிகட்டி புரோட்டோசோவாக்களையும் பாக்டீரியாக்களையும் தடுக்கும், வைரஸை விட்டுவிடும். குளோரின் பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் கொல்லும், கிரிப்டோஸ்போரிடியத்தை விட்டுவிடும். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிப்பதை இங்குக் காணலாம். எனவே வடிகட்டியபின் குளோரின் மாத்திரை இடுதல் கொதித்தலுக்கு ஏறக்குறைய ஈடானது. வடிகட்டிய நீர் தெளிவாக இருப்பதால் மாத்திரையும் நன்கு வேலை செய்யும். வரிசையை மாற்றலாகாது.

மனித நடமாட்டம் மிகுந்த யாத்திரைப் பாதையிலும், ஊர்களுக்குக் கீழேயுள்ள ஓடைகளிலும் கொதித்தலோ, மேற்கூறிய இருபடி முறையோ கட்டாயம் வேண்டும். மேலே மனிதரும் மந்தைகளும் இல்லையென்று உறுதியாகத் தெரிந்த உயர்ந்த பகுதியில் வடிகட்டி மட்டுமே போதுமானதாகலாம். மாலையில் முகாமில் சமையலுக்கென அடுப்பு எரியும்போதே மறுநாட்காலைக்கு வேண்டிய நீரையும் கொதிக்க வைத்துக் குப்பிகளில் நிரப்புதல் சிக்கனமான வழக்கம். பகலில் நடக்கும்போது வடிகட்டியும் மாத்திரையும் உதவும்.

இம்முறைகளுள் எதுவும் நீரில் கரைந்த உப்புக்களையும் நச்சுப்பொருள்களையும் நீக்குவதில்லை. லடாக்கின் புகா போன்ற வெந்நீரூற்றுகளின் நீரில் போராக்ஸ் முதலிய உப்புக்கள் கரைந்துள்ளன. வெந்நீராயிற்றே என்று அத்தகைய நீரைப் பருகலாகாது.

சிறு கவனக்குறைவுகள்

நீரைச் செம்மையாகத் தூய்மைசெய்தும் நோயுறுவோர் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் குப்பியின் வாயும் கைகளுமே. ஓடையில் அமிழ்த்தி நிரப்பிய குப்பியின் மறைத் திருகில் தூய்மையற்ற நீர் தங்கியிருக்கும். மாத்திரை கரைந்தபின் மூடியைச் சற்றே தளர்த்திக் குப்பியைக் கவிழ்த்து, மருந்து நீர் திருகின்மீது வழியுமாறு செய்தல் வேண்டும். தூய்மை செய்யாத நீருக்கென ஒரு குப்பியும், செய்த நீருக்கென மற்றொன்றும் வைத்து, அடையாளம் இட்டுக்கொள்வது சிறந்தது. மலங்கழித்தபின்னும் உணவைத் தொடுமுன்னும் சோப்பினால் கை கழுவுதல், வடிகட்டியினும் முக்கியமானது என்று கூறினும் மிகையாகாது. பல் துலக்கும் நீரும் குடிநீரே என்பதை மறத்தலாகாது.

நோய் கண்டால்

இத்துணைக் கவனத்திற்குப் பின்னும் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு நேருமாயின், உடல் இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்தலே முதற்கடமை. 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்கான் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்து, சுமார் முப்பது சதவீதமாக இருந்த சாவு விகிதத்தை நான்கு சதவீதத்திற்கும் கீழே கொணர்ந்தார். சர்க்கரை இருந்தால் குடல் உப்பையும் அதனோடு நீரையும் உறிஞ்சும் என்னும் உடலியல் உண்மையே இதற்கு அடிப்படை. கடைகளில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் சிலவற்றை ஒவ்வொருவரும் எடுத்துச் செல்லவேண்டும். அவை இல்லாவிடில், தூய்மை செய்த ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவாக, கலந்து அடிக்கடி பருகச் செய்யலாம். மலத்தில் இரத்தம், கடுஞ்சுரம், சிறுநீர் அற்றுப்போதல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது நோயாளியைக் கீழே கொண்டுசெல்ல வேண்டும்.

நீரைக் காத்தல்

நம் குப்பியிலுள்ள நீரை நாம் தூய்மை செய்துகொள்கிறோம். கீழேயுள்ள சிற்றூரில் அதே ஓடையைக் குடிநீராகக் கொண்ட மக்களுக்கு வடிகட்டியும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆகவே ஓடையினின்று குறைந்தது அறுபது மீட்டர் விலகி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மலங்கழித்து மண்ணால் மூடுதல், பாத்திரங்களையும் உடலையும் ஓடையில் கழுவாது நீரை மொண்டு சென்று தொலைவில் கழுவுதல், சோப்பை நீரோட்டத்தில் கலவாதிருத்தல் ஆகியவை பயணிகள் ஒவ்வொருவரின் கடமை. மாத்திரைகளின் தேவையைக் குறைக்கும் வழியும் இதுவே. மேலே நடப்பவர் கைக்கொள்ளும் ஒழுங்கே, கீழே பருகுபவருக்கு முதல் வடிகட்டியாகும்.